நமது பாடசாலைகளில் ஆங்கிலமும் ஆங்கில இலக்கியமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மண்டபத்திலே சனிக்கிழமை தோறும் உயர்வகுப்பு மாணாக்கருக்கு ஓர் ஆங்கில வகுப்பு நடத்த நமது செயற்குழு உத்தேசித்திருப்பதை அறிவீர்கள். அதைப் பற்றி இருவகைக் கேள்விகள் எழுந்துள்ளன. வாலிபருட் சிலர், பேச்சு ஆங்கிலமும் பரீட்சைக்கு வேண்டிய இலக்கணமும் இருந்தாற் போதும், ஷேக்ஸ்பியரும் கவிதையும் நமக்கு எதற்கு என்கின்றனர். பெரியோருட் சிலர், தேவார வகுப்புக்கே பிள்ளைகள் ஒழுங்காக வருகிறார்களில்லை, சைவ மன்றத்தின் கூரையின் கீழ் ஆங்கிலம் வேறா என்கின்றனர். இவ்விரு கேள்விகளையும் முன்வைத்துச் சில சொல்லும்படி நம்மைப் பணித்தார்கள். வயதிலும் அனுபவத்திலும் நாம் சிறியோம். கற்பித்துத் தலைநரைத்த ஆசிரியர்கள் பலர் இச்சபையில் வீற்றிருக்கிறார்கள். ஆயினும் கற்பிக்கப்பட்ட அனுபவம் நமக்குப் புதிதாக இருக்கிறது. அதுவே நமது தகுதி.

பெரியோரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அது வெறும் பிடிவாதத்தாற் பிறந்த கேள்வியன்று. ஆங்கிலம் நம்மவரிடத்து எந்த வாசலால் வந்தது என்பதை அறிந்தவர்களே அதனைக் கேட்பர். 1823 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவியபோது தங்கள் நோக்கத்தை மறைக்கவில்லை. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்துக்கு மிஷன் பாடசாலை வேண்டும். அங்கே போனவன் வேத பாடத்துக்கும் இருக்க வேண்டும். இந்தச் சங்கிலி நம் முன்னோரிற் பலரைக் கட்டியது.

அச்சங்கிலியை ஆறுமுக நாவலர் அவர்கள் கையாண்ட விதத்தைப் பாருங்கள். 1822 இல் நல்லூரிற் பிறந்த நாவலர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்றவர். அங்கேயே கீழ்வகுப்புக்களுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புக்களுக்குத் தமிழும் கற்பித்தவர். வேதாகமத்தைத் தமிழாக்கும் பணியில் அப்பாதிரியாருக்குத் துணை நின்றவரும் அவரே. 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், அதனோடு அமையாது, 1872 இல் சைவப் பிள்ளைகளுக்கென ஓர் ஆங்கில வித்தியாசாலையையும் தொடங்கினார். பொருள் முட்டினால் அது சில ஆண்டுகளே நடந்தது. ஆனால் அவர் கருத்து நமக்குத் தெளிவாகிறதன்றோ? ஆங்கிலத்தை விலக்க அவர் நினைக்கவில்லை. அது வருகின்ற வாசலை மாற்றவே நினைத்தார். அவருக்குப் பின் வந்த சைவ பரிபாலன சபையாரும் 1889 இல் 'இந்து சாதனம்' என்று தமிழிலும் 'இந்து ஓர்கன்' என்று ஆங்கிலத்திலும் ஒருங்கே பத்திரிகை நடத்தினார்கள். சைவத்தின் கட்சியை ஆங்கிலத்திலே எடுத்துச் சொல்ல ஆளில்லையென்றால் அக்கட்சி பாதி தோற்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்னும் ஒன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர். கறல் விசுவநாதபிள்ளை அவர்களுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறியவர். அவரே பின்னர்த் தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் ஏட்டிலிருந்து அச்சேற்றினார். 1887 இலே கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலம் அவருடைய தமிழைத் தின்றுவிடவில்லை. மட்டக்களப்புத் தந்த விபுலாநந்த அடிகளார் மிஷன் கல்லூரிகளிற் கற்றவர். 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கிலத் திங்களிதழுக்கு ஆசிரியராயிருந்தவர். 1926 இல் அவர் வெளியிட்ட 'மதங்க சூளாமணி' ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் கண்ணாற் பார்த்த நூல். யாழ் நூலை எழுதிய கையே அதையும் எழுதியது.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. ஆங்கிலம் கற்றவர் ஒரு தனிச் சாதிபோல ஆனார்கள். 1945 இலே இலவசக் கல்வி வருமுன் தமிழ்ப் பாடசாலையிற் பணம் வாங்குவதில்லை. ஆங்கிலப் பாடசாலையிற் சம்பளம் கட்ட வேண்டும். ஆகவே எந்த வீட்டுப் பிள்ளை எந்த வாசலில் நிற்கும் என்பது பிள்ளையின் மூளையைப் பொறுத்ததன்று, தகப்பனின் மடியைப் பொறுத்தது. 1924 இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த மாணவர் காங்கிரசார், பின்னர் வாலிப காங்கிரஸ் எனப் பெயர் பெற்றவர்கள், ஹண்டி பேரின்பநாயகம் அவர்களைப் போன்ற ஆங்கிலம் கற்ற வாலிபர்களே, தாய்மொழியிற் கல்வி வேண்டும் என்று முழங்கினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். நாமும் இன்று தாய்மொழிக் கல்வியின் பயனை அனுபவிப்பவர்களே. தென்னிலங்கைப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயர் வைத்தனர். கடுவ என்றால் சிங்களத்தில் வாள். நமது கிராமத்துப் பிள்ளை அப்பெயரை அறியாது, ஆனால் வெட்டை அறியும்.

நிற்க. இன்றைய பாடசாலையைப் பார்ப்போம்.

1956 இலே சிங்களம் மட்டும் என்னும் சட்டம் வந்தது. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 இலே தமிழையும் அரசகரும மொழி என்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டத்தில் இணைப்பு உண்டு. வகுப்பிலே? மூன்றாம் வகுப்புத் தொடங்கிச் சாதாரண தரம் வரை ஒன்பது ஆண்டு ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. ஒன்பது ஆண்டின் பின் ஒரு பிள்ளை தபாற் கந்தோரிலே ஒரு படிவத்தை நிரப்பத் திகைக்கிறது. ஏன்? உயர்தரத்துக்குப் போவதற்குத் தாய்மொழியும் கணிதமும் சித்தியடைய வேண்டும். ஆங்கிலம் தவறினாலும் வழி அடைபடாது. உயர்தரத்திலே பொது ஆங்கிலம் என்று ஒன்று உண்டு. அதன் புள்ளி இசட் புள்ளியிற் சேராது. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளையும் அதனைக் கைவிடுகிறது. பிறகு மருத்துவமோ பொறியியலோ கற்கப் பல்கலைக்கழகம் புகுந்த முதல் நாளே விரிவுரை முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. முன்வாங்கில் இருந்த பிள்ளை பின்வாங்குக்குப் போகிறது. இதனை நாம் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. நம்மோடு விடுதி அறையில் இருப்பவர்களைக் கண்டு சொல்கிறோம்.

ஆசிரியர் இல்லாக் குறை பெரிது. வன்னியிலும் கிழக்கின் உட்பகுதியிலும் மலையகத் தோட்டங்களிலும் அக்குறை இன்னும் பெரிது. ஆனால் ஆசிரியர் இருக்குமிடத்திலும் கற்பிக்கும் முறை பற்றிப் பேச இடமுண்டு. அதிலே சிறிது தங்கிச் செல்ல அனுமதி வேண்டுகிறோம்.

ஆங்கில வகுப்பிலே தமிழ் பேசலாகாது என்பது ஒரு கொள்கை. தமிழிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்து, கரும்பலகையில் எழுதியதை மட்டும் ஆங்கிலத்திலே பார்த்தெழுதச் செய்வது இன்னொரு வழக்கம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகம். பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழறிவை இரண்டுமே பயன்படுத்தவில்லை.

ஓர் உதாரணம். ஆங்கிலத்தில் 'ஏ', 'த' என்று இரு சிறு சொற்கள் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழுமிடம் இதுவே. 'ஏ' என்பதற்கு 'ஒரு' என்று சொல்லி விடலாம். 'த' என்பதற்குத் தமிழிற் சொல் இல்லை என்று ஆசிரியர் கைவிரிப்பார். சொல் இல்லை, மெய்தான். பொருள் இல்லையா? 'தம்பி புத்தகம் வாங்கினான்' என்கிறோம். 'தம்பி புத்தகத்தை வாங்கினான்' என்கிறோம். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நீயும் நானும் அறிந்த அந்தப் புத்தகம். ஐயுருபு தொக்கு நிற்பதற்கும் விரிந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வயதுப் பிள்ளையே பிழையின்றிப் பேசுகிறது. ஆங்கிலக்காரன் அதே வேறுபாட்டைப் பெயருக்கு முன்னே வைத்துச் சொல்கிறான் என்று ஒருமுறை காட்டிவிட்டால், எல்லா இடத்துக்கும் பொருந்தாதாயினும், பிள்ளைக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

பெயரெச்சமும் அப்படியே. 'நேற்று வந்த பையன்' என்று நாம் அடையை முன்னே அடுக்கிப் பையனைக் கடைசியிற் கொண்டுவருகிறோம். ஆங்கிலத்திலே பையன் முதலில் வந்து நிற்பான். அவனைப் பற்றிய செய்தி 'ஹூ' என்னும் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னே வரும். நன்னூல் படித்த பிள்ளைக்கு இதனை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஆங்கில ஆசிரியர் தமிழிலக்கணம் பேசினால் மரியாதை குறையும் என்று நினைக்கிறார். தமிழாசிரியருக்கோ ஆங்கில வகுப்பில் வேலையில்லை. இருவரும் ஓய்வறையில் அருகருகே அமர்ந்து தேநீர் குடிக்கிறார்கள்.

உச்சரிப்பிலும் நமக்கு ஒரு முதிசம் உண்டு. ஆங்கிலத்தின் 'ரீ' என்னும் எழுத்தொலியை நாநுனி பல்லடியைத் தொட்டுச் சொல்ல வேண்டும். நமது ஈழத்து வழக்கிலே காற்று, வெற்றி என்று சொல்லும்போது நா அங்கேதான் தொடுகிறது. ஆகவேதான் நாம் 'ரிக்கற்' என்றும் 'சேற்' என்றும் றகரத்தைக் கொண்டு எழுதுகிறோம். தமிழகத்தார் டகரம் போடுகிறார்கள். நம் பிள்ளைக்கு வாயில் இருக்கும் ஒலியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இதற்கு எதிரான ஒரு தீங்கையும் சொல்வோம். ஆங்கிலச் சொற்களைக் கொப்பியிலே தமிழ் எழுத்தால் எழுதி மனனஞ் செய்யும் வழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. நம் எழுத்திலே பன்றிக்கும் 'பிக்', பெரியதற்கும் 'பிக்'. மூன்றாண்டு இப்படிப் படித்தவன் வாயிலே பெரிய மனிதர் எல்லாரும் என்னவாவார்கள் என்று சபையோர் ஊகித்துக்கொள்க.

இனி வாலிபரின் கேள்விக்கு வருவோம். இலக்கியம் எதற்கு?

பேச்சு ஆங்கிலம் மட்டும் போதும் என்பவர்கள் ஒரு கடைத்தெருவை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். விலை கேட்க, வழி கேட்க, நேர்முகப் பரீட்சையில் நான்கு வசனம் சொல்ல அது போதும். ஆனால் பிள்ளை ஒரு வசனத்தை ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும்? கதை இருந்தால், கதைக்காக வைத்திருக்கும். தேவாரம் நம் நாவில் நின்றது இலக்கணப் பயிற்சியால் அன்று.

'வெனிஸ் வர்த்தகன்' என்னும் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பம்மல் சம்பந்த முதலியார் அதனை 'வாணீபுர வணிகன்' என்று தமிழாக்கினார். அதனை ஏதோ எட்டாத வேற்றுநாட்டுப் பொருள் என்று பயமுறுத்தியே கற்பிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதில் விளங்காதது என்ன? தோழனுக்காக ஒருவன் கடன் படுகிறான். 3,000 டக்கற்று, மூன்று மாதத் தவணை. உறுதி முடிக்கிறார்கள்; வட்டியில்லை, தவணை தப்பினால் ஓர் இறாத்தல் தசை. கப்பல்கள் வரவில்லை. வழக்கு மன்றுக்குப் போகிறது. ஈடும் ஒற்றியும் நொத்தாரிசும் அப்புக்காத்தும் நம் பிள்ளைகளின் வீட்டு முற்றத்திலே புழங்கிய சொற்கள். தசைக்கு உரிமை உண்டு, ஒரு துளி இரத்தத்துக்கு உரிமை உறுதியிலே எழுதப்படவில்லை என்று போர்சியா வாதிடும்போது, காணி வழக்கிலே வளர்ந்த ஊர்ப் பிள்ளை இலண்டன் பிள்ளையைக் காட்டிலும் விரைவாக நிமிர்ந்து உட்காரும். அந்த நேரத்திலே சொல்லிக்கொடுக்கும் பத்து ஆங்கிலச் சொல் பத்தும் நிற்கும்.

அந்நாடகத்தின் தீர்ப்பிலே இன்னொரு பகுதி உண்டு. வட்டிக்காரன் ஷைலொக் ஒரு யூதன். தோற்றவனுக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளுள் ஒன்று, அவன் கிறித்தவனாக வேண்டும் என்பது. நாம் இதனைக் கற்றது மிஷன் கல்லூரியில். கற்பித்தவர் ஒரு கிறித்தவர். அவர் அவ்விடத்திலே புத்தகத்தை மூடி வைத்து, "இது நீதியா என்று நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கோ" என்றார். திருநீறு பூசியவர்களும் சிலுவை அணிந்தவர்களும் தொப்பி போட்ட ஒருவனும் ஆக வகுப்பிலே நாற்பது பேர் எழுதிக்கொண்டு போனோம். ஒருவன் சமயத்தைத் தண்டனையாகக் கொடுத்தால் அது அச்சமயத்துக்கே அவமானம் என்று எழுதியவன் ஒரு பாதிரியாரின் மகன். இலக்கியம் படித்தால் மதம் மாறும் என்று அஞ்சும் பெரியோர்களுக்கு இதனை விண்ணப்பமாகச் சொல்லுகிறோம். இலக்கணப் பயிற்சியிலே இந்தக் கேள்வி ஒருபோதும் எழுந்திராது.

'ஜூலியஸ் சீசர்' நாடகத்தையும் ஒரு வார்த்தை சொல்லிச் செல்கிறோம், தேர்தல் மேடை பார்க்கும் வாலிபர் பலர் இங்கே இருப்பதால். சீசரைக் கொன்ற புரூட்டஸ் மக்கள் முன் வசனநடையிலே பேசுகிறான். பின் வந்த அன்ரனி கவிதையிலே பேசுகிறான். எதிரிகளை மதிப்புக்குரியவர் என்று புகழ்ந்து புகழ்ந்தே கூட்டத்தை அவர்கள்மேல் ஏவிவிடுகிறான். நமது அணியிலக்கணத்திலே வஞ்சப்புகழ்ச்சி என்று இதற்குப் பெயருண்டு. அப்பெயரைச் சொல்லிக் கற்பித்தால் இரண்டு பாடமும் ஒரே மணித்தியாலத்தில் முடியும்.

ஆங்கில இலக்கியம் என்றால் இங்கிலாந்தின் இலக்கியம் மட்டும் என்று எண்ணும் காலமும் போய்விட்டது. தம்பிமுத்து என்னும் நம்மவர் 1939 இலே இலண்டனிற் 'பொயற்றி லண்டன்' என்னும் ஏட்டைத் தொடங்கி ஆங்கிலேயக் கவிஞரின் கவிதைகளை ஏற்கவும் தள்ளவும் செய்தார். அ. சிவானந்தன் 1997 இல் 'வென் மெமரி டைஸ்' என்று மூன்று தலைமுறையின் இலங்கைக் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். சாதாரண தர ஆங்கில இலக்கியப் பாடத்தொகுப்பிலே ஆர். கே. நாராயணின் 'த வென்டர் ஒவ் சுவீற்ஸ்' இடம்பெற்றது. அதிலே வரும் இனிப்புக்கடை ஜெகன் கீதை படித்துக்கொண்டே கல்லாவைப் பார்ப்பவன். அத்தகையவர் நம்மூரிலும் உண்டு, பெயர் சொல்ல வேண்டியதில்லை. அத்தொகுப்பிலேயே யஸ்மின் குணரத்ன எழுதிய 'பிக் மச், 1983' என்னும் கவிதையும் வந்தது. அவர் பிறப்பாற் சிங்களவர். பாடுபொருள் 1983 ஆடிக் கலவரம். அக்கலவரத்திலே வீடிழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். காலியிலும் குருநாகலிலும் சிங்களப் பிள்ளை ஒன்று அதே கவிதையைப் பரீட்சைக்காகப் படித்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளை தமிழ் அறியாது. நம் பிள்ளைக்குச் சிங்களம் போதாது. இருவரும் அந்நாட்களைப் பற்றி ஒரே பக்கத்தைப் பார்த்தது ஆங்கிலத்திலேதான். இணைப்பு மொழி என்று சட்டம் சொன்னதற்கு இதைவிட நல்ல உரை நாம் காணவில்லை.

ஆனால் இப்பாடம் யாருக்குக் கிடைக்கிறது? விருப்பப் பாடமாதலின் பட்டினத்துப் பெரிய கல்லூரிகளுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது. கிடைத்தவர்களிலும் பலர் நூலைத் தொடுவதில்லை. ரியூட்டரியிலே தந்த குறிப்பை மனனஞ் செய்கிறார்கள். பாத்திரத்தின் குணத்தை ஐந்து தலைப்பிலே ஒப்புவிப்பார்கள். அப்பாத்திரம் கதையிலே என்ன சொன்னது என்று கேட்டால் விழிப்பார்கள். மதிப்பெண் வருகிறது, ஆங்கிலமும் வருவதில்லை, இலக்கியமும் வருவதில்லை. இலக்கியத்தைப் பெரிய வீட்டுப் பிள்ளைக்கும், 'பேச்சு ஆங்கிலத்தை' ஏழைப் பிள்ளைக்கும் என்று பிரித்து வைத்தால், 1945 க்கு முன்னிருந்த இரண்டு வாசல்களையும் நாமே திரும்பக் கட்டுகிறோம். மன்றத்தின் வகுப்பிலே அது நடக்கக் கூடாது என்பதே நமது வேண்டுகோள்.

ஆகையால் செயற்குழுவுக்கு நாம் எழுதிக் கொடுத்திருக்கும் ஒழுங்கு இது. வகுப்பு இரண்டு மணித்தியாலம். முதல் அரைமணி, ஒரு சிறுகதையையோ நாடகக் காட்சியையோ ஆசிரியர் உரக்க வாசிக்க, பிள்ளைகள் புத்தகத்தை மூடிக்கொண்டு கேட்பார்கள். அடுத்த ஒரு மணி, அக்கதையில் வந்த வசனங்களைக் கொண்டே இலக்கணமும் பேச்சும்; தமிழ் பேசத் தடையில்லை. கடைசி அரைமணியிலே தேவாரத்திலோ திருக்குறளிலோ நாயன்மார் வரலாற்றிலோ ஒரு சிறு பகுதியைப் பிள்ளைகள் தாங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பார்கள். கடினந்தான். கண்ணப்பரின் கதையை ஆங்கிலத்திற் சொல்லத் தெரிந்தவன் எந்த நேர்முகப் பரீட்சைக்கும் பயப்பட மாட்டான் என்பது நமது எண்ணம். இந்தக் கடைசி அரைமணிக்குத் தமிழாசிரியர் ஒருவரும் உடனிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற இரு ஆசிரியர்கள் வர இசைந்திருக்கிறார்கள். பல்கலைக்கழக விடுமுறை நாட்களில் நாமும் இன்னும் மூவரும் துணையாக நிற்போம்.

வேண்டியவை சில. நல்ல அகராதி ஒன்றுதான் மன்றத்தில் உண்டு, அதிலும் எஸ் எழுத்துக்குப் பின் கறையான் தின்றுவிட்டது. வீட்டு அலுமாரிகளிலே பழைய ஆங்கில நூல்கள், அகராதிகள் இருப்பின் பெரியோர்கள் உதவ வேண்டும்; அட்டை கிழிந்திருந்தாலும் குற்றமில்லை, கட்டிக்கொள்வோம். பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை என்று தீர்மானமாயிருக்கிறது. தேவார வகுப்பு வழமைபோல ஞாயிறு காலையில் நடக்கும். இரண்டும் ஒன்றையொன்று முட்டாது. தைப்பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முதல் வகுப்பு. ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை இன்று கூட்டம் முடிந்ததும் வாசலிலே செயலாளரிடம் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள், பொழுதுபடுமுன் வகுப்பு கலையும்.